சைப்ரஸ் மரத்தில் ஒரு வாளி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே யெர்கோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போனார், ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்தார், மூடினார். படகுத்துறைக்கு இறங்கிப் போய்த் தன் படகைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார், மறுபடி படியேறி வந்தார். கயிறு நன்றாகத்தான் இருந்தது. அவர் கட்டின கயிறு என்றைக்கு நன்றாக இல்லாமல் போனது? கப்பலில் ஸ்ராங்காக இருந்து, மேல்தளத்து ஆட்களையெல்லாம் விரட்டி விரட்டி வேலை வாங்கி, வயதாகி இறங்கிய மனிதர். அவர் வாழ்ந்த சின்னத் தீவில் ஆளுக்கு மதிப்பே கயிற்றை வைத்துத்தான். எவன் படகின் கயிறு விறைப்பாக நிற்கிறது, எவனுடையது தொய்ந்து தொங்குகிறது என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். தொங்கவிட்டவனைப் பற்றி மதுக்கடையில் ஒரு வாரம் பேசிச் சிரிப்பார்கள்.

அவரை இப்படி அலைக்கழித்தது மகன் நிக்‌ஷாவைப் பற்றிய கவலை. நிக்‌ஷா ஒரு சரக்குக் கப்பலில் ரேடியோ அதிகாரி. கப்பல் பாரசீக வளைகுடாவில் இருந்தது. அங்கே இரண்டு நாடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நடுவில் போகிற வருகிற கப்பல்கள் மேலெல்லாம் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வியாழக்கிழமை மதியச் செய்தியில், ஒரு சரக்குக் கப்பல் தீப்பிடித்து எரிகிறது என்றார்கள். எந்த நாட்டுக் கொடி பறந்த கப்பல் என்றும் சொன்னார்கள். கப்பலின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது நிக்‌ஷாவின் கப்பலில் பறக்கிற அதே கொடி. கீரைக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி லூட்சே கத்தியைக் கீழே வைத்தவள்தான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

தபாலாபீசுக்குப் போய்க் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். "எங்களுக்கும் தகவல் இல்லை, பொறுத்திருங்கள்" என்றது ஒரு பெண் குரல். வெள்ளிக்கிழமையும் அதே குரல், அதே பதில். யெர்கோ போனிலேயே கத்தினார். தபாலாபீஸ்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே யார் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டேன்" என்றாள் லூட்சே வீட்டுக்கு வரும் வழியில். "கம்பெனிக்காரன் சொன்னாலும் சரி, பாதிரியார் சொன்னாலும் சரி. எம்புள்ள குரலை என் காதால கேக்கணும்."

"அது எப்படி நடக்கும்? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

"எனக்குத் தெரியாது. கேக்கணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமைப் படகில் அவளுடைய தம்பி புரோஸ்பர் வந்து இறங்கினான். பக்கத்துத் தீவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஆள் குண்டு, வாய் அதைவிடப் பெரிது. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் செம்புக் கம்பிச் சுருள். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்தான். துணிமணி இருக்கும் என்று பார்த்தால், உள்ளே ஒரு பெரிய ரேடியோ பெட்டி படுத்திருந்தது.

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம பய குரலைக் கேக்கலாம்" என்றான். "கப்பல்ல இருக்கிற நம்மூர் ரேடியோக்காரப் பசங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குச் சிற்றலையில ஒண்ணு கூடுவாங்க. ஸ்பிளிட் ஊர்ல ஒரு பெரியவர் ஒவ்வொருத்தனா கூப்பிடுவாரு. பேசுவாங்க, கிண்டல் பண்ணிக்குவாங்க. நிக்‌ஷா ஒரு வாரம் தவறமாட்டான். நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்."

யெர்கோவுக்குச் சுருக்கென்றது. "ஒவ்வொரு வாரமும் பேசுறானா? ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா அத்தான்?"

 யெர்கோ மகனைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். நிக்‌ஷாவுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, வீட்டு முன்னாலிருக்கும் பைன் மரத்துக்கும் தோட்டத்துக் கோடியில் நிற்கும் சைப்ரஸ் மரத்துக்கும் நடுவே ஒரு கம்பியைக் கட்டி, ராப்பகலாக எதையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடுமுறையில் வந்த யெர்கோ, மகன் மேல்தளத்தில் நின்று கப்பலோட்டப் போவதில்லை, ரேடியோவுக்குப் படிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றே அந்தக் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக் கடலில் எறிந்தார். "ரேடியோக்காரனெல்லாம் கப்பல்காரனா? நாற்காலி தேய்க்கிறவன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். பையன் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் படித்தான், வேலைக்குப் போனான், விடுமுறைக்கு வந்தால் அம்மாவோடு பேசுவான். அப்பாவிடம் வானிலை பற்றிப் பேசுவான்.

"சரி, நாமளும் அவன்கிட்ட பேசலாமா?" என்று கேட்டார் யெர்கோ, ரேடியோ பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தபடி.

"இது கேக்குற பெட்டி மட்டுந்தான். பேச முடியாது."

"கேக்க மட்டுந்தானா? பேச முடியாதா? அப்புறம் என்னத்துக்குடா ஆகும் இந்த மெஷினு?"

"உங்களுக்குன்னே செஞ்ச மெஷினு" என்றாள் லூட்சே. மூன்று நாளில் அவள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதையும் சிரிக்காமல்தான் சொன்னாள்.

புரோஸ்பர் கொண்டுவந்த செம்புக் கம்பியை ரேடியோவுக்கு ஏரியலாக மரத்தில் கட்டத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் யெர்கோ இப்படித் தவித்துக்கொண்டிருந்தார். புரோஸ்பர் நிதானமாகக் காப்பி குடித்தான், உலர்ந்த அத்திப்பழம் தின்றான், இன்னொரு காப்பி கேட்டான்.

"ஏன்டா, கம்பி கட்டுறதுக்கு வந்தியா, கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்தியா?"

"அஞ்சு மணிக்குத்தானே அத்தான். பறக்காதீங்க."

"வாடைக் காத்து வருது. மலை மேல மேகம் தொப்பி போட்டிருக்கு, பாத்தியா? மத்தியானத்துக்கு மேல அடிக்க ஆரம்பிச்சிரும். அப்புறம் ஏணியில நீ ஏறுறியா?"

புரோஸ்பர் மலையைப் பார்த்தான், கோப்பையை வைத்தான். பிப்ரவரி வாடை என்றால் அந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும். மலையிலிருந்து விழுந்தடித்து இறங்கி, கூரை ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போகும்.

ஏணியை வைத்துப் பைன் மரத்தில் யெர்கோதான் ஏறினார். வயது அறுபதைத் தாண்டியும் கால் நடுங்கவில்லை. கீழே நின்ற மச்சினனுக்குத்தான் நடுங்கியது. உயரத்தில், பெரிய கிளை பிரிகிற இடத்தில், மரப்பட்டைக்குள் பாதி புதைந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலால் பாசியைத் துடைத்துப் பார்த்தார். முட்டை அளவில் ஒரு பீங்கான், ஏரியல் கம்பி மரத்தில் படாமல் இருக்க நடுவே கட்டுவது. நிக்‌ஷா கட்டினது. கம்பியைப் பிடுங்கினபோது இது மட்டும் தங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் மரம் வளர்ந்து அதை விழுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான், தேனடையா?"

"இங்க ஏற்கெனவே ஒரு பீங்கான் இருக்குடா."

புரோஸ்பருக்குப் புரிந்துவிட்டது.  "அசையுதா பாருங்க. அசையலேன்னா அதுலயே கட்டுங்க" என்றான்.

அசையவில்லை. அதிலேயே கட்டினார். கைக்குச் சட்டென்று பழக்கமான முடிச்சு வந்தது, மனசுதான் எங்கோ போய் வந்தது.

சைப்ரஸ் மரத்துக்கு ஏணி எட்டாது. மெல்லிய கயிற்றின் நுனியில் தூண்டில் ஈயக்குண்டைக் கட்டி, யெர்கோ இரண்டு தடவை கையைச் சுழற்றி விட்டெறிந்தார். குண்டு மேலே போய், அவர் நினைத்த கிளையைத் தாண்டி, அந்தப் பக்கம் 'தொப்' என்று விழுந்தது. கப்பலைத் துறைமுகத்தில் கட்டும்போது கரைக்குக் கயிறு எறிகிற கை அது.

"அடேங்கப்பா!" என்றான் புரோஸ்பர் வாயைப் பிளந்து.

"நாற்காலி தேய்க்கிற கை இல்லடா இது" என்று சொல்லிவிட்டு, சொன்னவுடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த மெல்லிய கயிற்றை வைத்துத் தடித்த கயிற்றையும் ஒரு கப்பியையும் மேலே ஏற்றினார்கள். செம்புக் கம்பி தோட்டத்துக்கு மேலே, முட்டைக்கோசுப் பாத்திகளையும் துணிக்கொடியையும் தாண்டி, பைன் மரத்திலிருந்து சைப்ரஸ் மரம் வரை போனது. பைன் பக்கத்து நுனி சமையலறை ஜன்னல் வழியாக ரேடியோவுக்குப் போனது, சைப்ரஸ் பக்கத்து நுனியில் கட்டிய கயிறு கப்பி வழியாகக் கீழே இறங்கியது. அதை எங்கே கட்டுவது என்று யெர்கோ மரத்தடியில் முளை தேடிக்கொண்டிருக்க, புரோஸ்பர் அடுப்படியிலிருந்து தகர வாளியைக் கொண்டு வந்தான். அதில் கல்லை நிரப்பி, கயிற்று நுனியில் கட்டித் தொங்கவிட்டான். செம்புக் கம்பி நடுவில் லேசாகத் தொய்ந்து நின்றது.

"என்னடா இது அசிங்கம்?"

"அசிங்கமில்ல அத்தான். மரம் ரெண்டும் காத்துல ஆடும். ஆளுக்கொரு பக்கம் ஆடும். விறைப்பா கட்டுனா கம்பி அறுந்துரும். இப்ப மரம் இழுத்தா வாளி மேல போகும், மரம் திரும்பி வந்தா வாளி கீழ வரும். கம்பிக்கு நோகாது. இதுல கைய வைக்காதீங்க. வச்சீங்கன்னா கெட்டுச்சு."

"வாளிய நம்பி கயிறு கட்டுற காலம் வந்துருச்சு" என்று முணுமுணுத்தார் யெர்கோ. ஆனால் கை வைக்கவில்லை. அப்போதைக்கு.

மதியம் உப்புக் கருவாடும் கீரையும் சாப்பிட்டுவிட்டுப் புரோஸ்பர் குறட்டை விட்டான். லூட்சே ரேடியோ முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். யெர்கோ தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தார். மணி எப்போது ஐந்தாகும், ஐந்தானால் என்ன கேட்கும், ஒருவேளை எதுவுமே கேட்காவிட்டால்?  வேகமாக நடந்தார். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பேப்போ வந்து நின்றான். ஒரே கப்பலில் தச்சனாக இருந்தவன், யெர்கோவின் வயதுக்காரன், ஊரில் ஒருத்தரையும் விடாமல் வம்புக்கு இழுப்பதுதான் அவன் ஜீவனம்.

பேப்போ மேலே பார்த்தான், கம்பியைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். மெல்ல அவன் மீசை விரிந்தது.

"என்னய்யா யெர்கோ, சைப்ரஸ் மரத்துல பால் கறக்குறியா?"

"போய்யா வேலையப் பாத்துக்கிட்டு."

"இல்ல, கேக்குறேன். எத்தனை படி கறக்கும்? அந்தக் கம்பி வேற உன் பொண்டாட்டி உள்பாவாடை காயப்போடுற கொடி மாதிரி தொங்குது. ஸ்ராங்கு யெர்கோ கட்டுன கயிறான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? கண்ணு தெரியாமப் போச்சுன்னு சொல்லவா?"

"என் மச்சான் கட்டுனது."

"உன் மரத்துலதானய்யா தொங்குது!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மதுக்கடைக்குத்தான் போகிறான், இன்னும் அரை மணியில் ஊர் முழுக்கப் பால் கறந்துவிடும். யெர்கோவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பேப்போ மேல் கோபம், புரோஸ்பர் மேல் கோபம், கம்பெனிக்காரி மேல் கோபம், தகவலே சொல்லாத அந்தக் கடல் மேல் கோபம். எதையாவது இறுக்கிக் கட்டினால்தான் ஆறும் போலிருந்தது. போனார், வாளியை அவிழ்த்தார், கல்லைக் கொட்டினார். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து, மரத்தடியில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முடிச்சு. மேலே பார்த்தார். கம்பி கோடு கிழித்தாற்போல் நின்றது. விரலால் கயிற்றைத் தட்டினார், 'ணங்' என்றது. நான்கு நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

புரோஸ்பர் எழுந்து வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வெளியே போய்ப் பார்க்கவில்லை, நேராக ரேடியோவிடம் போய்க் குமிழைத் திருகினான். அதற்குள் வாடை இறங்கிவிட்டது. முதலில் ஜன்னல் கதவு ஒரு தடவை அடித்துக்கொண்டது, அப்புறம் எல்லாமே அடித்துக்கொண்டன.

ஐந்து மணிக்கு ரேடியோவிலிருந்து வாத்துக் கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. புரோஸ்பர் இன்னொரு குமிழை மயிரிழை திருப்பினான். வாத்து மனிதக் குரலானது. கரகரப்பான குரல், ஸ்பிளிட் பேச்சு.

"வாங்கடா பசங்களா, எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு நம்ம எல்லார் மனசும் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

லூட்சே ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள். பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருத்தன் பிரேசிலிலிருந்து பேசினான், ஒருத்தன் ஜப்பானிலிருந்து. பெரியவர் கொஞ்ச நேரம் தயங்குவதுபோல் இருந்தது.

"நிக்‌ஷா" என்றார். "நிக்‌ஷா, இருக்கியா?"

இரைச்சல்தான் வந்தது. யெர்கோ மூச்சை அடக்கிக்கொண்டார்.

"நிக்‌ஷா, தம்பி, கேக்குதா? இருந்தா ஒரு குரல் குடு."

இரைச்சல். அதற்குள்ளே, அடியில், ஏதோ ஒன்று முனகினாற்போல் இருந்தது. புரோஸ்பர் குமிழுக்குக் கையைக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து வெளியே வாடை ஒரு தடவை ஓங்கி அடித்தது. 'டணார்' என்று சத்தம். ரேடியோ வாயடைத்துப்போனது.

"கம்பி!" என்று அலறினான் புரோஸ்பர். "எப்படி அறுந்துச்சு? வாளி இருக்கும்போது எப்படி அறுந்துச்சு?"

யெர்கோ முகத்தில் ஈயாடவில்லை. புரோஸ்பர் அவரைப் பார்த்தான். லூட்சேயும் பார்த்தாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள்.

"இழுத்துக் கட்டினேன்."

"ஏன்?"

"பேப்போ சிரிச்சான்."

லூட்சே திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "எம்புள்ள இருக்கானா இல்லையான்னு தெரியாமப் பண்ணிட்டீங்களே" என்றாள், அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் யெர்கோ கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார்.

சைப்ரஸ் மரத்துப் பக்கம் கம்பி அறுந்திருந்தது. முடிச்சு அவிழவில்லை, அவருடைய முடிச்சு எப்படி அவிழும்? கம்பிதான் அறுந்தது. பைன் மரத்துப் பக்கம், பையன் வைத்த பீங்கான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து தொங்கிய கம்பி முட்டைக்கோசு மேல் பாம்பாகப் புரண்டுகொண்டிருந்தது. நுனியைத் தேடிப் பிடித்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுக் கயிறு வைத்திருப்பார், அதை நுனியில் முடிந்தார்.

"தரையில கிடந்தா ஒண்ணுமே கேக்காது!" ஜன்னலிலிருந்து புரோஸ்பரின் குரல் காற்றில் பிய்ந்து வந்தது. "தூக்குங்க! கம்பியத் தொடாதீங்க, கயித்தைப் பிடிங்க! எவ்வளவு உசரமா முடியுமோ அவ்வளவு உசரம்!"

தோட்டத்துக்குப் பின்னால் கல்லடுக்கிக் கட்டிய மதில், கூரை உயரம் இருக்கும். யெர்கோ அதன்மேல் ஏறி நின்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். கம்பி தரையை விட்டு எழும்பியது. பழக்கதோஷத்தில் விறைப்பாகவே இழுத்தார். பைன் மரம் அந்தப் பக்கம் சாய்ந்தபோது அவரை மதிலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது, கயிறு உள்ளங்கையை அறுத்தது. இன்னொரு தடவை இப்படி இழுத்தால் ஒன்று கம்பி போகும், இல்லை அவர் போவார். கையை நீட்டிக்கொடுத்தார். மரம் இழுத்தபோது விட்டார், மரம் திரும்பி வந்தபோது இழுத்துக்கொண்டார். விடுவதும் இழுப்பதுமாக நின்றார். இப்போது அவர்தான் வாளி.

அங்கிருந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் வெளிச்சமாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை, காற்றின் ஊளைதான். லூட்சே ரேடியோ மேல் குனிந்திருந்தாள். புரோஸ்பரின் கை குமிழில் இருந்தது. கேட்கிறதா? லூட்சே தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டுகிறாள்? ஆமாம் என்றா, இல்லை என்றா? திடீரென்று அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். புரோஸ்பர் எழுந்து நின்றான்.

யெர்கோவுக்கு உயிரே போய்விட்டது. சாவுச் செய்தி கேட்டாலும் பெண்கள் அப்படித்தான் வாயைப் பொத்துவார்கள். மதிலிலிருந்து குதித்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் கம்பி விழும், கம்பி விழுந்தால் குரல் போகும். குரல் என்று ஒன்று இருந்தால்தானே! "லூட்சே! என்னடி? என்ன சொல்றாங்க?" என்று கத்தினார். அவர் கத்தல் அவர் காதுக்கே கேட்கவில்லை. ஊரையே விரட்டின குரல் அது. கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டார். மரம் இழுத்தது, விட்டார். மரம் வந்தது, இழுத்தார்.

ஜன்னல் படாரென்று திறந்தது. லூட்சே பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"இருக்கான்! பேசுறான்! எம்புள்ள பேசுறான்!"

"ஜன்னலச் சாத்துடி! உள்ள போ!" என்று கத்தினார் யெர்கோ. "போய்க் கேளு! என்னை ஏன் பாக்குற? போய்க் கேளுடி!"

அவள் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். யெர்கோ அழுதார். காற்று கண்ணீரைக் காதுவரை கொண்டுபோனது, கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. நிற்கிற நேரம் முழுக்க அழுதுகொண்டேதான் விட்டார், இழுத்தார்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. லூட்சே சால்வையைப் போர்த்திக்கொண்டு மதிலடிக்கு வந்து, "இறங்குங்க, முடிஞ்சுருச்சு" என்றபோதும் அவர் கயிற்றை விடவில்லை.

"நல்லாப் பாத்தியா? இன்னொரு தடவ பேசினாலும் பேசுவான்."

"எல்லாரும் விடைபெத்துக்கிட்டாங்க. இறங்குங்க."

சமையலறையில் அவரை உட்கார வைத்து, கையில் ராக்கியா சாராயத்தை ஊற்றிக் கழுவினாள். அவர் உஸ் உஸ் என்றார். புரோஸ்பர் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினான்.

"சொல்லுங்க" என்றார் யெர்கோ. "ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

குண்டு விழுந்தது நிக்‌ஷாவின் கப்பலில்தான். பின்பக்கம் தீப்பிடித்தது, அணைத்துவிட்டார்கள். சாவு இல்லை, இரண்டு பேருக்குத் தீக்காயம். நிக்‌ஷாவுக்கு ஒன்றும் இல்லை. கப்பலை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறார்கள்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"கரகரன்னு இருந்துச்சு. புகை அடிச்சிருக்கும்" என்றாள் லூட்சே.

"என்னைக் கேட்டானா?"

 புரோஸ்பர்தான் முந்திக்கொண்டான். "வீட்டுல எல்லாருக்கும் வணக்கம் சொன்னான் அத்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும்."

"பொய் சொல்லாதடா" என்றாள் லூட்சே தம்பியிடம். "நான் என் காதால கேக்கணும்னுதான் இத்தனை பாடு. அவரு அங்க நின்னாருல்ல, அவருக்கும் உள்ளது உள்ளபடி தெரியட்டும்." கணவரின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஸ்பிளிட் பெரியவர் கேட்டாரு, 'உங்க வீட்டுல யாராச்சும் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா தம்பி, கவலைப்படுவாங்களே'ன்னு. அதுக்கு அவன், 'எங்க வீட்டுல யாரு கேக்கப் போறா? மரத்துல கம்பி கட்ட எங்கப்பா விடமாட்டாரு'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

யெர்கோ துணி சுற்றிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்றார். ராக்கியாவைக் குடிக்க எடுத்தார், கோப்பை உதட்டுக்குப் போகவில்லை, கீழே வைத்துவிட்டார். லூட்சே அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புரோஸ்பர் ரேடியோவின் பின்பக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலையில் வாடை கொஞ்சம் தணிந்திருந்தது. யெர்கோ கம்பியை முறுக்கி ஒட்டுப்போட்டார், ஈயக்குண்டை எறிந்து கயிற்றை ஏற்றினார். காயம்பட்ட கை எரிந்தது, புரோஸ்பர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றார். வாளியை எடுத்துக்கொண்டுவந்து, முந்தின நாள் தான் கொட்டிய கற்களையே பொறுக்கிப் போட்டுத் தொங்கவிட்டார். கம்பி நடுவில் தொய்ந்து நின்றது. மரம் ஆடியது, வாளி ஏறியது, இறங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் பேப்போ வந்து நின்றான். மதுக்கடையில் பாதி ஊர் அவன் கொண்டுவரும் கதைக்காகக் காத்திருக்கும் என்பது யெர்கோவுக்குத் தெரியும்.

"என்னய்யா, பால் கறந்துச்சா?"

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குத்தான்யா கறக்கும்" என்றார் யெர்கோ. திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பேப்போவின் மீசை சுருங்கிவிட்டது. "எம்பையன் பேசுவான். லூட்சே கேட்டுட்டா, மச்சான் கேட்டுட்டான். நான் இன்னும் அவன் குரலைக் கேக்கல பேப்போ."

 பேப்போ வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான், மேலே கம்பியைப் பார்த்தான், கீழே வாளியைப் பார்த்தான். பிறகு மதிலடியில் குனிந்து ஒரு நல்ல உருண்டைக் கல்லாகத் தேடி எடுத்தான்.

"கனம் பத்தாதுய்யா" என்று சொல்லி, அதை வாளிக்குள் போட்டான்.